டிரைவர் மாமாவின் கூட்ஸ் வண்டி

அவர் பேரை எழுதப்போவதில்லை. அவருடைய மகள் எங்கேயோ நல்லபடியாக இருக்கிறாள், அவள் கண்ணில் இது பட வேண்டாம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாருக்கும் அவர் பேர் தேவைப்பட்டதும் இல்லை. பஸ் டிரைவர், லாரி டிரைவர் எல்லாம் அந்தத் தெருவில் இருந்தார்கள். ஆனால் மொட்டையாக டிரைவர் என்று சொன்னால் அது கூட்ஸ் ரயில் ஓட்டுகிற அவர்தான். எனக்கும் என் அண்ணன் சேகருக்கும் டிரைவர் மாமா.

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் குரல்தான் வரும். "என் மேல தப்பு இல்ல." யாரும் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவரே ஆரம்பித்துவிடுவார். தண்ணி லாரி வந்த அன்று தள்ளுமுள்ளில் யாரோ ஒருத்தியின் குடம் நசுங்கியது. டிரைவர் மாமா அப்போது தெருவிலேயே இல்லை. டூட்டி முடிந்து வந்தவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், லாரி வந்த நேரத்தில் தான் கொருக்குப்பேட்டை யார்டில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அவள் விழித்தாள்.

அவர் மனைவியை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அத்தை ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆட்டோவில் நானும் கூடப் போனேன். டாக்டர் அத்தையைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டார். பதில் சொன்னது டிரைவர் மாமா. முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்ததாகவும், பாசி கொஞ்சமும் இல்லை என்றும் சொன்னார். அத்தை வீங்கின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும். களைத்துப்போன பார்வை அது.

மகள் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் போனபோது வீடு வீடாகப் போனார். கேள்வித்தாள் கஷ்டம், டியூஷனுக்குத் தான் ஒரு குறையும் வைக்கவில்லை என்று சொன்னார். அதுவரைக்கும் அவள் ஃபெயில் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ரொம்ப நாள் வெளியே தலை காட்டவில்லை.

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சொன்னது அத்தனையும் உண்மையாகத்தான் இருக்கும். அதனால்தான் யாராலும் அவரை மறித்துப் பேச முடியவில்லை. சேகர் மட்டும் அவருக்குப் பரிந்து பேசுவான். வண்டி வழியில் ரெண்டு நிமிஷம் நின்றால்கூட ஏன் நின்றது என்று அவர் பதில் சொல்லியாக வேண்டும், அவர் வேலையே அப்படி, நாள் முழுக்க அதே புத்தியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் எப்படி மாறும் என்பான்.

சேகருக்கு அவர் மேல் பிரியம் வந்ததற்குக் காரணம் அவர் வீட்டு முன்னறை. அந்த அறையில் நாற்காலிகூடக் கிடையாது. மூன்று சுவர்களை ஒட்டி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, அதன் மேல் ஒரு விரல் அகலத்துக்குத் தண்டவாளம் போட்டிருந்தார். வெளிநாட்டில் ரெடிமேடாக விற்கிற ரயில்தான், பெட்டி ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம் இருக்கும். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லக் கூடாது. கப்பலில் வேலை பார்த்த ராயபுரத்துக்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவருவார். மற்றவை பர்மா பஜாரில் பழைய ரேடியோக்களுக்கும் கேமராக்களுக்கும் நடுவில் கிளறி எடுத்தவை. எல்லாமே டீசல் காலத்து கூட்ஸ் பெட்டிகள். புகை விடுகிற நீராவிக் காலத்துப் பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார். தான் ஓட்டாத வண்டி தனக்கு எதற்கு என்பார். ஒரு டீசல் எஞ்சினும் இருந்தது. அமெரிக்காக்காரன் செய்தது, ஆனால் நம்மூர் எஞ்சினின் ஜாடை அப்படியே மூஞ்சியில் இருக்கிறது என்று காட்டிக் காட்டிப் பூரிப்பார்.

வாங்கிய பெட்டியை வாங்கியபடி ஒரு நாள்கூட வைத்ததில்லை. வந்த அன்றே பிரித்துவிடுவார். வெளிநாட்டு எழுத்துகளை பிளேடால் சுரண்டுவார். பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் போடுவார். காவிச் சிவப்பு பூசி, நாலு மயிரை மட்டும் விட்டுக் கத்தரித்த பிரஷ்ஷால் வெள்ளை எண்களை எழுதுவார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பிடித்தமான வேலை. செங்கல் தூளையும் டீத்தூள் ஊறின தண்ணீரையும் குழைத்துத் துரு ஏற்றுவார். எண்ணூர் பக்கம் ஓடுகிற பெட்டி என்றால் மேலே சாம்பல் படிந்திருக்க வேண்டும். அதற்கு அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து எங்கள் மொட்டை மாடிகளில் தினமும் படிகிற சாம்பலே போதும், அத்தை கூட்டி எடுத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். தண்டவாளத்தை ஒட்டிக் கொட்டிக் கிடக்கிற நிலக்கரியைப் பொறுக்கி வந்து அம்மியில் பொடித்து, திறந்த பெட்டிகளில் பசை போட்டு ஒட்டுவார். பெட்டி லேசாக இருந்தால் தடம் புரளும், கனம் வேண்டும். காசிமேட்டில் சேகருக்கு ஒரு தோஸ்து இருந்தான். அவனிடமிருந்து மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கி சேகர் கொடுப்பான். அதைத் தட்டித் தகடாக்கிப் பெட்டியின் வயிற்றுக்குள் வைத்து மூடுவார்.

"இன்னா மாமா, காசு குட்த்து புதுசு வாங்கினு வந்து இப்பிடி கலீஜாக்கிகினு கீற" என்று சேகர் ஒருமுறை கேட்டான்.

"புதுசா இருந்தா அது கடையில கீற சாமான் சேகரு. மழையில நனைஞ்சி, கரி ஏத்தி, நாலு ஊரு போய்ட்டு வந்தாதான் அது வண்டி."

அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் செய்தது கொஞ்சம் இல்லை. அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எர்ணாவூரில் ஒரு கம்பெனியில் தெரிந்த சூப்பர்வைசரிடம் சொல்லி சேகரை ஃபிட்டராகச் சேர்த்துவிட்டதே அவர்தான். கான்ட்ராக்ட் வேலை, ஆனாலும் அந்தச் சம்பளம்தான் எங்கள் சோறு. நான் அப்போது தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெயில் காலம் அது. கம்பெனியிலிருந்து வருகிற எல்லோரும் ரயில்வே சுவர் இடிந்த ஓர் இடத்தில் புகுந்து, தண்டவாளத்தைத் தாண்டித்தான் பஸ் பிடிப்பார்கள். சுற்றிக்கொண்டு போனால் ரொம்ப தூரம். முதல் ஷிஃப்ட் முடிந்து சேகர் அப்படித் தாண்டும்போது, ஹார்பரிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு போன கூட்ஸ் அடித்துவிட்டது. பக்கத்து லைனில் ஓர் எலக்ட்ரிக் டிரெய்ன் போய்க்கொண்டிருந்ததாம். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

எங்களுக்கு இதெல்லாம் மறுநாள்தான் தெரியும். அன்று சாயங்காலம் அம்மா வாசலில் நின்றிருந்தாள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டூட்டிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு டிரைவர் மாமா தெருவில் வந்தார். அம்மா அவரிடம், "ண்ணா, சேகரு இன்னும் வர்ல. அந்தாண்ட எங்கனா பாத்தீங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "வந்துருவான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அம்மா சோற்றைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவனோடு வேலை செய்கிறவர்கள் தேடிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரி சவக்கிடங்கில் அவனைப் பார்த்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் கழுத்தில் மாட்டுகிற அட்டைகூட அவனிடம் இல்லை. பேர் தெரியாத ஆண் என்று போட்டு வைத்திருந்தார்கள்.

வண்டியை ஓட்டியது யார் என்று அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. தெருவே டிரைவர் மாமாவுக்காக இரக்கப்பட்டது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அடிபட்டது யார் என்று எப்படித் தெரியும், பாவம், அவருக்கும் நம்மைப் போல மறுநாள்தான் தெரிந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சேகர் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, என் மேல தப்பு இல்ல."

அம்மா, "தெரியும்ண்ணா. உங்கள யாரு இன்னா சொன்னா" என்றாள். எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அவருக்கு ஆறுதல் சொன்னவளும் அவளாக இருந்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ரயில்வேயில் விசாரணை நடந்தது. அவர் மேல் குற்றமில்லை என்று சொல்லி மறுபடி டூட்டி கொடுத்தார்கள். அதைச் சொல்வதற்கு ஒருமுறை வந்தார். அப்புறம் ஓய்வு நாள் தவறாமல் வர ஆரம்பித்தார். வந்தால் அதே பேச்சு. வண்டியின் வேகம் எவ்வளவு, பாரம் எவ்வளவு, அந்த இடத்து வளைவு எப்படி, பிரேக் போட்ட பிறகு பெட்டி ஒவ்வொன்றாக எப்படிப் பிடிக்கும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது ஒன்று சேர்ந்துகொள்ளும். டிபன் பாக்ஸை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினதை ஒரு நாள் சொன்னார். கடைசி நிமிஷத்தில் தலை திரும்பியதை இன்னொரு நாள் சொன்னார். அவருக்கு அவையெல்லாம் சாட்சி. எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சேகர் புதிதாகச் செத்தான்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். அவர் அவனைப் பேர் சொல்வதே இல்லை. வாய் நிறைய சேகரு சேகரு என்று கூப்பிட்டவர், இப்போது ஆளு என்றார். ஆளு பாக்கல. ஆளு அந்தப் பக்கம் திரும்பிகினு கீறான். ரயில்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். அம்மா டம்ளரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் போன பிறகு அன்று முழுக்க அடுப்பு பற்றவைக்க மாட்டாள்.

ஒரு நாள் நான் வாசலிலேயே மறித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் வாருங்கள் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.

பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. விட்டது என்று நினைத்தோம். அப்போதுதான் அத்தை வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். டூட்டி இல்லாத நேரமெல்லாம் மனுஷன் முன்னறையில்தான் கிடக்கிறாராம். ஆசை ஆசையாகச் சேர்த்த டேங்கர்களையும் மூடின பெட்டிகளையும் பர்மா பஜாரில் கொடுத்துவிட்டு, திறந்த பெட்டிகளாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாராம். அத்தனையையும் அன்றைக்கு ஓட்டின நிலக்கரி வண்டி மாதிரியே செய்துகொண்டிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை.

"உன்னாண்ட காட்டணுமாம்க்கா. ஒரு தபா வந்து பாத்துட்டு சரின்னு சொல்ட்டு போ. அப்பால விட்டுடுவாரு. மவ கண்ணாலத்துக்கு கீறா, வூடே பைத்தியக்காரன் வூடு மாதிரி கீது" என்று அம்மாவிடம் அழுதாள்.

நான் வேண்டாம் என்றேன். அம்மா, அத்தைக்காகப் போகலாம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். டிரைவர் மாமா குளித்துத் திருநீறு வைத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா உட்கார ஸ்டூல் துடைத்து வைத்திருந்தது. சுவரோரம் ஓடின பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, ஒரு முனையில் சரிவாக ஏற்றி, அங்கிருந்து நீளமாக ஒற்றைத் தண்டவாளம் போட்டிருந்தார். நடுவில் இடிந்த சுவர் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். எங்கள் சுவர்தான், எர்ணாவூர்ச் சுவர். செங்கல் பல் இளித்துக்கொண்டு, பக்கத்தில் சீமைக் கருவேலம் முளைத்து, ஆட்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையோடு இருந்தது.

சரிவின் உச்சியில் வண்டி நின்றது. எஞ்சினுக்குள் இருந்த மோட்டாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஈயம் அடைத்திருந்தார். பின்னால் பெட்டிகள். அவ்வளவு நன்றாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. கதவோரத்தில் துரு ஒழுகின கோடு, கூட்டித் தள்ளாமல் விட்ட கரித்தூள், ஒரு பெட்டியில் யாரோ சாக்பீஸால் கிறுக்கின மாதிரி ஒரு கிறுக்கல். தண்டவாளத்துக்கு நடுவில் ஓர் இடத்தில் பல் விளக்கும் பிரஷ்களை வெட்டி வரிசையாக நட்டிருந்தார். மேலே போகிற பெட்டியின் அடியை அது உரசும். அதுதான் பிரேக் என்றார்.

"மொதல்ல காலி வண்டி. பாத்துக்க தங்கச்சி."

நின்றிருந்த வண்டியைத் தூக்கி வைத்துவிட்டு, ஈயமும் கரியும் இல்லாத பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டி விட்டார். அவை சரிவில் ஓடி வந்து பிரஷ்ஷில் உரசி, சுவருக்கு முன்னாலேயே நின்றன. அவற்றை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு எஞ்சினையும் பாரப் பெட்டிகளையும் அதே உச்சியில் வைத்துக் கையை எடுத்தார். அது கடகடவென்று இறங்கி, பிரஷ்ஷில் உரசிக்கொண்டே, நிற்காமல், இடிந்த சுவரைத் தாண்டி வெகு தூரம் போய்த்தான் நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் சேகர் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஈயம்.

"பாத்தியா? அதே பிரேக்குதான். பாரம் இருந்தா நிக்காது. யாரு ஓட்னாலும் நிக்காது." அவர் முகத்தில் வேர்த்திருந்தது. "இன்னொரு தபா வுடட்டா?"

"வாணாம்" என்றாள் அம்மா. "எம்புள்ள எங்க நின்னுகினு இருந்தான்?"

அவர் ஸ்க்ரூடிரைவர் முனையால் சுவர் ஓட்டைக்கு எதிரே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு வண்டி நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் இறங்கி நடந்து வந்தார் என்று விரலால் அளந்து காட்டினார். அம்மா குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துத்தான் அவர் அடுத்ததைச் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"கஷ்டப்படல தங்கச்சி. நான் எறங்கி வந்து பாத்தப்பவே முடிஞ்சிட்ச்சி. மொகத்துல ஒரு கீறல் கெடயாது. தூங்கற மாதிரிதான் இருந்தான்."

அம்மா நிமிர்ந்தாள்.

"மொகம் நல்லா இருந்துச்சா?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப சேகருன்னு தெரிஞ்சிது உனக்கு."

அதுவரைக்கும் அம்மா அவரை நீங்கள் என்றுதான் பேசிவந்தாள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சிது" என்றார்.

"அன்னிக்கி வாசல்ல நின்னு உன்னாண்டதான கேட்டேன். வந்துருவான்னு சொன்ன. நான் சோத்த மூடி வெச்சிகினு குந்திகினு இருந்தேன். எம்புள்ள பேரில்லாத பொணமா அங்க கெடந்தான். வண்டி நிக்காது, எனக்குத் தெரியும். இந்த ரெயிலாண்டயே பொறந்து வளந்தவ நான். பேர சொல்றதுக்கு இன்னா பாரம்?"

அவர் வாயைத் திறந்தார். "தங்கச்சி, அது…" என்றார். நான் காத்திருந்தேன். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லியிருந்தால் அம்மா அதை வாங்கிக்கொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த மனுஷனிடம் அதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவர் திரும்பி, கடைசிப் பெட்டியின் சக்கரம் ஒன்று தண்டவாளத்தை விட்டு இறங்கியிருந்ததைப் பார்த்தார். அதைத் தூக்கிச் சரியாக வைத்து, ஓடுகிறதா என்று விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

அம்மா, "வாடி" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தெருவைக் கூட்டி இதைச் சொல்ல வேண்டும் என்று நான் குதித்தேன். அம்மா விடவில்லை. "சொல்லி இன்னா ஆவப்போவுது. அந்தப் பொண்ணு கண்ணாலம் நின்னு போவும், அவ்ளோதான்" என்றாள். அதற்கப்புறம் அவள் அவரைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. அவரும் எங்கள் வாசல் வழியாக வருவதை விட்டுவிட்டார். டூட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்தெருவைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார். அந்த ரயில் பெட்டிகள் என்ன ஆயின என்று அத்தையிடம் நான் கேட்கவில்லை. அவர் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பதாகக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை.

அவரைக் கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்களுக்குச் சோறு போட்ட வேலை அவர் வாங்கிக் கொடுத்தது. அந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் சேகர் செத்திருப்பான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க என் அம்மா தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தது அவரால்தான். இரண்டு வீடு தள்ளி அவர் அதைத் தெரிந்துகொண்டே படுத்திருந்தார். அந்த ஒரு ராத்திரியை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவுக்கு வந்ததா என்று கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணமாகி எர்ணாவூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் ரயில் லைன். ஒருமுறை திருவொற்றியூர் மார்க்கெட்டில் அத்தையைப் பார்த்தேன். ரொம்ப இளைத்துப்போயிருந்தாள். முகம் கொடுக்காமல் போய்விடலாமா என்று நினைத்தேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது என்றாள். நான் கேட்காமலேயே, "அந்த எடம் வந்தா ஹார்ன்லேர்ந்து கைய எடுக்க மாட்டாராம். கூட வர்ற பசங்க சொல்லி சிரிக்கறாங்களாம். ஆபீஸ்ல கூப்ட்டு கேட்டாங்களாம், இவரு வாயே தொறக்கலியாம்" என்றாள்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தத்தை நான் தனியாகப் பிரித்துக் கேட்க ஆரம்பித்தேன். மற்ற வண்டிகள் ஒரு தடவை ஊதிவிட்டுப் போகும். இது மட்டும் தூரத்திலேயே ஆரம்பித்து, விடாமல், எங்கள் கட்டடத்தைத் தாண்டி, சுவர் முடிகிற வரைக்கும் ஊதிக்கொண்டே போகும். குடியிருப்பே அவரைத் திட்டும். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருப்பவர், எழுந்து உட்கார்ந்து கெட்ட வார்த்தை சொல்வார். நான் யார் என்று சொன்னதில்லை.

மகன் பிறந்து சில மாதங்கள் ஆனபோது அம்மா வந்து தங்கியிருந்தாள். மத்தியான நேரம். குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் கண்ணில் படுவதற்கு முன்பே ஹாரன் கேட்டது.

"வந்துட்டான்யா பேஜாரு புட்ச்சவன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மத்தவன்லாம் ஒழுங்காத்தான் போறான். இவன் ஒருத்தன்தான் எவனோ குறுக்க நிக்கற மாதிரி அட்ச்சிகினே போறான்."

அம்மாவின் கை தூளிக் கயிற்றில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தம் ஜன்னலுக்கு நேராக வந்தது. தகரக் கதவு அதிர்ந்தது. கரி ஏற்றின பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"கொயந்த முயிச்சிக்கப் போறான். ஜன்னல சாத்து" என்றாள் அம்மா.

சாத்தினேன். அப்படியும் கேட்டது.